கலர் கொங்கிரீட்டை உரிப்பது பனியா, சாயமா? கந்தப்பளை முற்றத்துக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் வீடு கட்டும் தம்பி ஒருவர் முன் முற்றத்துக்குச் செங்கல் நிறத்தில் கலர் கொங்கிரீட் போட நினைக்கிறார். டொரொன்டோவில் இருக்கும் மச்சான் வேண்டாம் என்கிறார். அவருடைய வீட்டு டிரைவ்வேயில் அச்சுப் பதித்துப் போட்ட சிவப்புக் கொங்கிரீட், இரண்டாவது குளிர்காலம் முடிந்ததும் மேல்தோல் உரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். "சாயம் சேர்த்தால் கொங்கிரீட் நொய்ந்துவிடும், பனி விழும் ஊருக்கு அது ஆகாது" என்பது அவர் முடிவு. நம் பக்கமும் தை மாதத்தில் புல்லெல்லாம் வெள்ளையாகிறதே, என்ன செய்யலாம் என்று தம்பி கேட்கிறார்.

போடலாம் தம்பி. மச்சானுடைய முற்றம் உரிந்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதற்குச் சாயத்தின் மேல் பழி போட்டதுதான் சரியில்லை. மலைநாட்டில் முப்பது வருடத்துக்குக் கிட்ட கட்டிட வேலைகளை மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கொங்கிரீட்டைக் கெடுப்பது அநேகமாக எப்போதும் தண்ணீர்தான். சாயம் செய்வதெல்லாம் அந்தக் கெடுதலை ஊருக்குக் காட்டிக்கொடுப்பது. சாம்பல் நிறத் தரையில் காசு அகலத்துக்குத் தோல் போனால் யார் கண்ணிலும் படாது. சிவப்புத் தரையில் போனால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

முதலில் கனடாவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொங்கிரீட் கல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய துவாரங்கள் நிறைந்த பொருள். சீமெந்து இறுகுவதற்குத் தேவையானதை விட அதிகமாக நாம் ஊற்றிய தண்ணீர் வெளியேறிப்போன வழிகள்தான் அந்தத் துவாரங்கள். மழையிலோ உருகும் பனியிலோ அவை திரும்ப நிறைகின்றன. தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு சுமார் 9 வீதம் கூடும். துவாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் இருந்தால், உறைகிறபோது விரிய இடமில்லாமல் அது சுவரைத் தள்ளும். ஒரு தடவை தள்ளினால் ஒன்றும் ஆகாது. பகலில் உருகி, இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குடித்து, இரவில் திரும்ப உறைந்து, இப்படி ஒரு குளிர்காலத்துக்குள் பல டசின் தடவை நடந்தால் மேல்தோல் செதில் செதிலாகக் கழன்றுவிடும். உறைந்தபடியே கிடக்கும் ஊரை விட, உறைந்து உருகி உறையும் ஊரில்தான் சேதம் அதிகம்.

இதற்கு மருந்து 1930களில் அமெரிக்காவில் தற்செயலாகக் கிடைத்தது. சில வகைச் சீமெந்தில் போட்ட வீதிகள் மட்டும் பனியைத் தாங்கி நிற்பதைக் கவனித்துக் காரணம் தேடினார்கள். அந்தச் சீமெந்தை அரைக்கும்போது சேர்த்த கொழுப்பு, பிசின் போன்ற பொருட்கள் கலவைக்குள் சவர்க்கார நுரை மாதிரிச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தன. உறைகிற தண்ணீர் அந்தக் குமிழிக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. ஏன் அது வேலை செய்கிறது என்பதற்கு 1945இல் பவர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கம் கொடுத்தார். குமிழிகள் இருந்தால் மட்டும் போதாது, நெருக்கமாக இருக்க வேண்டும். சீமெந்துப் பசையின் எந்தப் புள்ளியில் இருந்து பார்த்தாலும் சுமார் 0.2 மில்லிமீற்றருக்குள் ஒரு குமிழி இருக்க வேண்டும் என்பது இன்றும் நிற்கிற கணக்கு. இப்போது அதற்கென்று தனி மருந்துத் திரவமே உண்டு. கனடாவின் தரக்குறிப்பில் உப்பும் பனியும் படுகிற டிரைவ்வேக்கு சி-2 என்று ஒரு வகுப்பு இருக்கிறது. பலம் 32 மெகாபாஸ்கல், தண்ணீர் சீமெந்தின் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக்கூடாது, சாதாரண அளவுச் சல்லி போட்ட கலவையில் காற்று 5 முதல் 8 வீதம்.

அப்படியானால் சாயம் எங்கே வருகிறது? நல்ல சாயம் என்றால் இரும்பு ஒட்சைட்டு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, இவற்றைக் கலந்து வருகிற மண்ணிறம் எல்லாம் அதில்தான். பச்சைக்குக் குரோமியம் ஒட்சைட்டு. இவை சீமெந்தோடு எந்த வேதியியல் சண்டைக்கும் போவதில்லை. நைசான மணல் மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும். கொங்கிரீட்டுக்கான சாயங்களுக்கு ஏஎஸ்டிஎம் சி979 என்று ஒரு அமெரிக்கத் தரக்குறிப்பு இருக்கிறது. சாயம் சேர்த்த கலவையின் பலம் சேர்க்காததன் 90 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது, சாயத்தின் அளவு சீமெந்தின் எடையில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. நடைமுறையில் 3 முதல் 5 வீதத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் கொட்டினால் நிறம் அவ்வளவாக ஏறாது, காசுதான் இறங்கும்.

ஆனாலும் சாயத்துக்கு இரண்டு குறும்புகள் உண்டு. மிக நைசான தூள் என்பதால் கூடுதல் தண்ணீர் கேட்கும். மஞ்சள் இன்னும் மோசம், அதன் துகள் ஊசி வடிவத்தில் இருப்பதால் கலவை இறுகிப்போகும். உடனே வேலையாள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவார். கெட்டது அங்கேதான். இரண்டாவது, கறுப்பு நிறத்துக்கு மலிவாகக் கிடைக்கிற காபன் கரி. அது காற்றுக் குமிழி மருந்தை உறிஞ்சித் தின்றுவிடும். அதோடு மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுண்டும் போகும். கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு இரும்பு ஒட்சைட்டுத்தான். (எரியாத காபன் நிலக்கரிச் சாம்பலிலும் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சீமெந்து நம் கடைகளிலும் கிடைக்கிறது. நம் அனல்மின் நிலையம் இருக்கும் ஊருக்கு நுரைச்சோலை என்று பெயர். நுரையைத் தின்னும் சாம்பல் அங்கிருந்து வருகிறது!)

மச்சானுடைய தரை உரிந்ததற்கு என் ஊகம் வேறு. அச்சுப் பதிக்கிற வேலையில் மேற்பரப்பைப் பாடாய்ப் படுத்துவார்கள். கலர்த் தூளைக் காய்ந்தபடி மேலே தூவி, கரண்டியால் தேய்த்து உள்ளே இறக்கி, அச்சில் ஒட்டாமல் இருக்க இன்னொரு தூளைத் தூவி, அப்புறம் அச்சை வைத்து மிதிப்பார்கள். காய்ந்துபோன இடத்தில் தண்ணீர் தெளித்துத் திரும்பத் தேய்ப்பார்கள். இத்தனைக்கும் பிறகு மேலே உள்ள இரண்டு மூன்று மில்லிமீற்றரில் காற்றுக் குமிழி எங்கே மிஞ்சும்? தண்ணீரும் அந்தத் தோலில்தான் கூடுதல். நிறமும் அந்தத் தோலில் மட்டும்தான். தோல் போனால் நிறமும் போச்சு. அதற்கு மேலே பளபளப்புக்காக அக்ரிலிக் பூச்சு அடித்திருந்தால், கீழே இருந்து வருகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கி நிற்கும். ஒக்டோபரில் போட்டு, நன்றாகக் காய்வதற்கு முன்பே முதல் பனி வந்துவிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பிறகு உப்பு. வழுக்காமல் இருக்கத் தூவுகிற உப்பு பனியை உருக்கித் தண்ணீராக்கித் தரைக்குக் குடிக்கக் கொடுக்கிறது. உப்பு அடர்த்தியாக இருந்தால்தான் சேதம் அதிகம் என்று நினைப்போம். அப்படி இல்லை, சுமார் 3 வீதக் கரைசல்தான் தோலை அதிகமாக உரிக்கிறது. தான் உப்புப் போடுவதில்லை என்று மச்சான் சொன்னாலும், வீதியில் தூவிய உப்பைக் கார் டயர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கந்தப்பளையும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஜனவரி, பெப்ரவரியில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும் இரவுகளில், நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல், தேயிலைக் கொழுந்து, உருளைக்கிழங்கு இலை எல்லாம் மெல்லியவை, அவற்றில் சேமித்து வைக்கச் சூடு இல்லை, அதனால் அவை முதலில் உறைகின்றன. தலை உயரத்தில் காற்று 3, 4 பாகை செல்சியஸில் இருக்கும் காலையில்கூடக் காலடியில் புல் வெள்ளையாக இருப்பது இதனால்தான். கொங்கிரீட் தரை அப்படியில்லை. நான்கு அங்குலக் கனத்துக்குப் பகல் வெயிலைக் குடித்து வைத்திருக்கும், அடியில் இருக்கிற மண்ணும் சூடு கொடுக்கும். மேலே பனி படிந்தாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் உறைவது கடினம். சின்னத் துவாரங்களில் இருக்கும் தண்ணீர் சுழியத்துக்குச் சில பாகை கீழே போனால்தான் உறையவே தொடங்கும். அதோடு அந்தக் காலைகள் வருவது மழை குறைந்த நாட்களில், தரை நனைந்து ஊறிக் கிடக்கும் காலத்தில் இல்லை. எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் வந்தால் எல்லாம் முடிந்தது. உப்புத் தூவுகிற வழக்கமும் நமக்கு இல்லை.

ஆகவே கந்தப்பளை முற்றத்துக்குக் காற்றுக் குமிழி மருந்து தேவையில்லை. யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். காற்று ஒவ்வொரு வீதம் கூடும்போதும் பலத்தில் சுமார் 5 வீதம் குறையும். தேவையில்லாத இடத்தில் அந்த இழப்பு எதற்கு?

சாயம் தாங்குமா என்ற சந்தேகத்துக்குப் பழைய துரை பங்களா எதற்காவது போய் விறாந்தையைப் பாருங்கள். சிவப்புச் சீமெந்துத் தரை. எத்தனை துரைமார் மாறினார்களோ, எத்தனை பேர் முட்டி போட்டுத் தேங்காய் மட்டையால் அதைத் தேய்த்துப் பொலிஷ் போட்டார்களோ, நிறம் அப்படியே இருக்கிறது. இரும்பு ஒட்சைட்டு என்பது துருவின் உறவுக்காரன். வெயில் அதை ஒன்றும் செய்யாது.

ஆனால் பையில் பெயரில்லாமல் நிறுத்துக் கொடுக்கிற தூளை நம்பிவிடாதீர்கள். அதில் பாதி சுண்ணாம்புத் தூளாக இருக்கலாம், வெயிலில் போகிற சாயமாகவும் இருக்கலாம். நான் செய்கிற சோதனை எளிது. கொஞ்சம் சீமெந்து, மணல், அந்தத் தூள் மூன்றையும் குழைத்து இரண்டு பிஸ்கட் மாதிரி வார்த்து, ஒன்றைக் கூரை மேல் வெயிலிலும் மழையிலும், மற்றதை அலுமாரிக்குள்ளும் வைத்துவிடுவேன். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வீடு கட்டுகிறவருக்கு இரண்டு மாதம் பெரிய விஷயமில்லை, அத்திவாரம் போடும்போதே செய்து வைக்கலாம். நீல நிறம் மட்டும் கேட்காதீர்கள். சட்டைக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலக்கிச் சுவருக்கு அடித்த பழக்கத்தில் சிலர் கொங்கிரீட்டிலும் போட்டுப் பார்க்கிறார்கள். ஈரச் சீமெந்தில் அது நிலைக்காது. நிலைக்கிற நீலம் கோபால்ட் நீலம், அதன் விலையைக் கேட்டால் சிவப்பே அழகாகத் தெரியும்.

பனி நமக்குப் பெரிய எதிரி இல்லை என்றேன். அதற்காகப் பயமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பனியை விடக் குளிர்தான் நமக்குத் தொல்லை. நான் பட்ட கதை ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்பு நுவரெலியாவில் ஒரு சின்ன விடுதியின் முற்றத்துக்கு மஞ்சள் கொங்கிரீட். ஜனவரி மாதம், லொறி தாமதமாகி, பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கொட்ட ஆரம்பித்தோம். வெயில் இறங்கியதும் கலவை இறுகவே இல்லை. தண்ணீர் மேலே ஊறி ஊறி வந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பது மணி. மேசன் பாஸுக்குப் பொறுமை போய்விட்டது. காய்ந்த சீமெந்தில் சாயத்தைக் கலந்து தண்ணீரின் மேல் தூவி, இரும்புக் கரண்டியால் பளபளவென்று தேய்த்து மூடிவிட்டார். நான் அடுப்புப் பக்கத்தில் பிளேன்டீயோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் பார்க்கத் தங்கத் தகடு மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் காசு காசாகக் கழன்றது. முதலாளி "பனி தின்றுவிட்டது" என்றார். நாங்களும் தலையாட்டினோம். பனி எங்கே தின்றது? ஊறி வந்த தண்ணீரைத் தோலுக்கு அடியில் அடைத்து வைத்தது நாங்கள்.

வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால் சீமெந்து இறுகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கொழும்பில் ஒரே நாளில் வருகிற பலத்துக்கு இங்கே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே மேலே நிற்கும் தண்ணீர் தானாக மறையும் வரை கரண்டியைத் தொடவே வேண்டாம். அவசரமென்றால் ஒரு சாக்கையோ ஹோஸ் பைப்பையோ மேலே இழுத்துத் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுங்கள், காய்ந்த சீமெந்தை மட்டும் தூவாதீர்கள். கடைசித் தேய்ப்பையும் இரும்புக் கரண்டியால் செய்ய வேண்டாம். மரப் பலகையால் தேய்த்து, மேலே தும்புத்தடியால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். மூடுபனி ஊரில் பளபளப்பான முற்றம் வழுக்குமரம்தான்.

தண்ணீர்க் கணக்கை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 50 கிலோ சீமெந்து ஒரு பைக்கு 0.45 என்றால் இருபத்திரண்டரை லீற்றர். சாயம் 4 வீதம் என்றால் 2 கிலோ. இதில் ஏமாற்றுகிறது மணல். மழையில் நனைந்த 100 கிலோ மணலில் 5 லீற்றர் தண்ணீர் ஒளிந்திருக்கலாம், அதைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் உங்களை அறியாமலே 0.55 ஆகிவிடும். தண்ணீர் கூடினால் நிறமும் வெளிறும். ஒரு பைக்கு இருபது லீற்றர், அடுத்த பைக்கு இருபத்தைந்து என்று போட்டால் முற்றம் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். சாயத்தைக் கைப்பிடிக் கணக்கில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள், சீமெந்தும் ஒரே கடையில் ஒரே தடவையில் எடுங்கள். மகாவலி மணலில் பாதி, அரைத்த மணலில் பாதி என்று கலந்தாலும் நிறம் மாறும். கருங்கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். மலைநாட்டுக் கருங்கல் இறுக்கமானது, தண்ணீர் குடிக்காது. இதில் நமக்கு அதிர்ஷ்டம்.

மழை நம் உண்மையான சோதனை. கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கல்சியம் ஐதரொட்சைட்டு தண்ணீரில் கரைந்து மேலே வந்து, காற்றில் உள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகிறது. கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல். விசித்திரம் என்னவென்றால், சீனி மாதிரி இல்லாமல், கல்சியம் ஐதரொட்சைட்டு சுடுநீரை விடக் குளிர்நீரில்தான் கூடுதலாகக் கரையும். குளிரும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் புதுத் தரை வெளுத்துப்போவது அதனால்தான் இவ்வளவு அதிகம். பார்த்தவர்கள் சாயம் போய்விட்டது என்று அலறுவார்கள். சாயம் அடியில் பத்திரமாக இருக்கும். தும்புத்தடியால் உரசிவிட்டு ஒரு வருடம் பொறுங்கள், மழையே பெரும்பாலும் கரைத்துக் கொண்டுபோய்விடும். அமிலம் ஊற்றினால் வெள்ளையோடு சேர்ந்து கலர்ப் பசையும் அரிக்கப்பட்டு மணல் பல்லைக் காட்டும். ஈரம் காக்கப் பொலித்தீன் போர்த்தினால் அதன் சுருக்கம் பட்ட இடமெல்லாம் மேப் வரைந்த மாதிரி கறை விழும். கம்பு நட்டுத் தரையில் படாமல் கட்டுங்கள், அல்லது ஒரு வாரம் விடாமல் மெல்லத் தண்ணீர் தெளித்து ஒரே மாதிரி ஈரமாக வைத்திருங்கள்.

தண்ணீர் ஓட மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் சரிவு, கண்டபடி வெடிக்காமல் இருக்க எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டு. வீட்டுப் பின்பக்க மண்மேட்டில் இருந்து ஊற்று வருகிறதென்றால் தரைக்கு அடியில் அது தேங்காமல் கான் வெட்டிவிட வேண்டும். பாசிக்குக் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றித் தேய்த்தால் போதும், இரும்பு ஒட்சைட்டை அது தொடாது. குளோரினோடு எந்த அமிலத்தையும் சேர்த்துவிட வேண்டாம், வருகிற புகை ஆளுக்கே ஆபத்து. பூச்சு அடிக்க ஆசையென்றால் பளபளக்கிற வகையை விட்டுவிட்டு, உள்ளே ஊறித் தண்ணீரை மட்டும் தள்ளிவிடுகிற சிலேன் வகையை ஒரு மாதம் கழித்து அடியுங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். கனடாக்காரருக்கு வீதி உப்பு எப்படியோ, நமக்கு உர மூட்டை அப்படி. மரக்கறித் தோட்டம் இருக்கும் வீட்டில் முற்றம்தான் உரக் கிடங்கு. அமோனியம் சல்பேற்று கொங்கிரீட்டுக்கு மகா எதிரி. அது சிந்தி, மூடுபனி ஈரத்தில் கரைந்து ஊறினால் சீமெந்துப் பசை மெல்ல மெல்ல இளகி உதிரும். உங்கள் பக்கத்தில் எத்தனையோ முற்றங்களில் ஒரே ஒரு மூலை மட்டும் பொரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே என்ன அடுக்கி வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உர மூட்டைக்குத் தனியாக ஒரு பலகை மேடை கட்டிக்கொடுங்கள், கலர் முற்றத்தில் வைக்க விடாதீர்கள்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை போடும்போது நிறத்தைக் கலவையோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லட்டும். லொறி வந்ததும் சீட்டில் சி-2 என்று இருக்கிறதா, காற்று எத்தனை வீதம் என்று பார்க்கட்டும். கோடையில் போடட்டும். முதல் குளிர்காலம் முழுக்க உப்புக்குப் பதிலாக மணலைத் தூவட்டும்.

நீங்கள் பெப்ரவரி கடைசி, மார்ச் என்று பார்த்துப் போடுங்கள், மழையும் குறைவு, இரவும் அவ்வளவு குத்தாது. ஜனவரியில்தான் முடியும் என்றால் காலை பத்து மணிக்குள் கொட்டி முடித்துவிடுங்கள். புதுக் கொங்கிரீட்டுக்கு 3.5 மெகாபாஸ்கல் பலம் வரும் வரை உறைபனி படவே கூடாது. இறுகாத கலவையில் உறைகிற தண்ணீர் செய்கிற சேதத்தை அப்புறம் எதுவும் சரிசெய்யாது. முதல் இரண்டு மூன்று இரவுகளுக்குக் கம்பு கட்டித் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் வைக்கோலோ பழைய சாக்கோ போட்டு மூடுங்கள். காலையில் வெயில் வந்ததும் திறந்துவிட மறக்க வேண்டாம்.